கோட்டையும் பஜாரும்: ஷ்ராப்ஷயர் முதல் போலாரம் வரை



இந்தச் சபையில் பலர் இங்கிலாந்து போய் வந்தவர்கள். மகனோ மகளோ அங்கே இருக்கிறார்கள். பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போனால் வாரநாளெல்லாம் வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான். சனிக்கிழமை வந்தால் பிள்ளைகள் காரை எடுத்து ஏதாவது ஒரு காசிலுக்கு அழைத்துப் போவார்கள். டப்பாவில் புளியோதரை, ஃபிளாஸ்கில் காபி, இடிந்த மதிலோரம் ஒரு பெஞ்சு. ஊர் திரும்பியதும் போட்டோ காட்டுவார்கள். எந்தக் கோட்டை என்று கேட்டால் பெயர் சட்டென்று வாயில் வராது. ‘பெரிய கோட்டை, சரியான குளிர்’ என்பதோடு சரி.

அந்தப் போட்டோவில் விழாத கணக்கு வழக்கைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். யார் யாருக்குப் பயந்து கட்டினார்கள், செலவு யார் தலையில் விழுந்தது, கோட்டைக்காரர்களுக்குச் சோறு போட்டது யார் என்ற மூன்று கேள்விகளோடு போனால் எந்தக் கோட்டையும் பேசும். இங்கிலாந்தில் ஒரு கவுண்டியை எடுத்துக்கொண்டு தொடங்கிப் போலாரத்தில் முடிக்கிறேன். இரண்டையும் ஒரே பேச்சில் சேர்க்கக் காரணம் உண்டு. அந்தக் கவுண்டியின் பெரிய கோட்டை ஒன்றை விலைக்கு வாங்கிய குடும்பம் பொருள் சேர்த்தது நம் நாட்டில். நம் செகந்திராபாத் கன்டோன்மென்டில் தங்கியிருந்த பட்டாளங்களில் ஒன்று அந்தக் கவுண்டியிலிருந்து வந்தது.

கவுண்டியின் பெயர் ஷ்ராப்ஷயர். வேல்ஸ் எல்லையை ஒட்டி இருக்கிறது. விண்ட்சரும் லண்டன் டவரும் பார்த்தவர்கள்கூட இந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். மேற்கே வேல்ஸ் பிடிபடவில்லை. எல்லையில் தனக்கு வேண்டிய பிரபுக்களை உட்கார வைத்தார் வில்லியம் அரசர். அவர்கள் முதலில் மண்ணை மேடாகக் குவித்து, மேலே மரத்தில் கோபுரம் எழுப்பி, சுற்றிலும் பள்ளம் வெட்டிக்கொண்டார்கள். கையில் நாலு காசு சேர்ந்த பிறகுதான் கல் கட்டடம். அப்படி எழும்பிய கோட்டைகள் அந்த எல்லை நெடுகிலும் கிடக்கின்றன.

அவற்றில் லட்லோ பார்க்க வேண்டிய இடம். 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் டி லேசி குடும்பம் கட்டியது. கோட்டை வாசலில் நின்று வெளியே பார்த்தால் எதிரே சந்தைத் திடல். அதற்கப்பால் நூல் பிடித்தாற்போல் தெருக்கள். ஊர் தானாக முளைக்கவில்லை. 12ஆம் நூற்றாண்டில் அளந்து, மனை பிரித்துக் குடியேற்றிய ஊர். கோட்டைக்கு மாவும் இறைச்சியும் பீரும் வேண்டும், குதிரைக்கு லாடம் வேண்டும். அந்த வேலைகளுக்கு ஆள் வந்தால் பிரபுவுக்கு மனை வாடகையும் சந்தை வரியும் கிடைக்கும். மனைகள் தெருப் பக்கம் குறுகலாகவும் பின்னால் நீளமாகவும் இருக்கும். வீடு உன்னுடையது, ஆண்டுக்கு இவ்வளவு பிரபுவுக்குக் கட்டு என்பது ஏற்பாடு. இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், கடைசியில் இது நம் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கும்.

ஏழாம் ஹென்றியின் மூத்த மகன் ஆர்தர் 1502இல் லட்லோ கோட்டையில்தான் இறந்தான். வயது 15. அவன் விதவையைத் தம்பி மணந்துகொண்டான். அந்தத் தம்பிதான் எட்டாம் ஹென்றி. அந்தக் கல்யாணத்தை ரத்து செய்யப் போய்த்தான் இங்கிலாந்து போப்பாண்டவரோடு உறவை முறித்துக்கொண்டது. இதெல்லாம் வழிகாட்டிகள் விரும்பிச் சொல்லும் கதை. எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது, கோட்டைக்குக் கூரை போய் எத்தனையோ காலமாகியும் அதன் வாசலில் சந்தை இன்னும் கூடுகிறது என்பது.

லட்லோவுக்குச் சில மைல் தள்ளி ஸ்டோக்சே. கட்டியவர் பிரபு இல்லை, லாரன்ஸ் என்ற கம்பளி வியாபாரி. மதில் தலையில் கோட்டை மாதிரிப் பல் வைத்துக்கொள்ள 1291இல் அரசரிடம் அனுமதி வாங்கினார். ஆனால் கூடத்துக்கு வைத்திருப்பதோ நெடுநெடுவென்ற ஜன்னல்கள். உண்மையான முற்றுகை வந்தால் தாங்காது. லாரன்ஸுக்கும் அது தெரியாமல் இருந்திருக்காது. பார்க்கிறவனுக்குக் கோட்டையாகத் தெரிந்தால் போதும் என்று கட்டியிருக்கிறார். திருமலகிரிக்குப் போகும்போது இவர் நமக்குத் தேவைப்படுவார்.

கவுண்டியின் தலைநகரம் ஷ்ரூஸ்பரி. செவர்ன் ஆறு ஊரை ஏறக்குறைய முழுதாக வளைத்து ஓட, தரைவழி விட்டுவைத்த குறுகலான கழுத்தில் கோட்டை. ஊர் நடுத் திடலில் ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. ராபர்ட் கிளைவ். நம் ஆற்காட்டுக் கிளைவ்தான். இந்தக் கவுண்டியில் பிறந்து, 1744இல் சென்னைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி எழுத்தராக வந்தவர். 1751இல் ஆற்காட்டுக் கோட்டைக்குள் 50 நாள் முற்றுகையைத் தாங்கினார். சோற்றை வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு விட்டுவிட்டுக் கஞ்சித் தண்ணீரைக் குடித்தார்கள் நம் சிப்பாய்கள் என்று ஒரு கதை உண்டு. ஆங்கிலேயர்களே உருகி உருகி எழுதிய கதை, எவ்வளவு நிஜமோ! கஞ்சி குடித்தவன் ஊர் எது, பெயர் என்ன என்று அவர்களில் யாரும் எழுதி வைக்கவில்லை.

பிளாசியும் வங்காளமும் பள்ளிப் பாடத்தில் படித்தாயிற்று. பாடத்தில் வராதது, சேர்த்த பணம் எங்கே போனது என்பது. கணிசமான பங்கு ஷ்ராப்ஷயருக்குப் போனது. வால்காட் பண்ணை, லட்லோவை அடுத்த ஓக்லி பார்க் என்று நிலம் வாங்கினார். ஷ்ரூஸ்பரிக்கு எம்.பி. ஆனார், 1762இல் மேயரும் ஆனார். மகன் எட்வர்ட் கிளைவ் 1798 முதல் 1803 வரை சென்னை கவர்னர். ஊர் திரும்பியபின் பவிஸ் பிரபு. அவர்தான் 1811இல் லட்லோ கோட்டையை அரசிடமிருந்து விலைக்கு வாங்கினார். இன்றைக்கும் அது அந்தக் குடும்பத்தின் பண்ணைச் சொத்து. சீரங்கப்பட்டணத்தில் எடுத்த திப்புவின் கூடாரம் எல்லைக்கு அந்தப் பக்கம், வேல்ஸில், பவிஸ் கோட்டையில் இருக்கிறது. கிளைவ் சிலையை எடுக்க வேண்டும் என்று 2020இல் ஆயிரக்கணக்கானவர்கள் மனுப் போட்டார்கள். கவுன்சில் மறுத்துவிட்டது. எடுக்காததில் எனக்கு வருத்தமில்லை. சிலையை எடுத்துவிட்டால் ஷ்ரூஸ்பரியில் யாருக்கு ஆற்காடு நினைவு வரும்?

எட்வர்ட் கிளைவ் சென்னையில் வந்து இறங்கிய அதே 1798இல் ஹைதராபாத்தின் தலையெழுத்தும் மாறியது. இரண்டாம் ஆசஃப் ஜா, நிஜாம் அலி கான், அந்தச் செப்டம்பரில் கம்பெனியோடு உடன்படிக்கை செய்துகொண்டார். நிஜாமின் பிரெஞ்சுப் படை கலைக்கப்பட்டது. பதிலுக்குக் கம்பெனியின் ஆறு பட்டாலியன்கள் நிரந்தரமாக இங்கே தங்கும். அவற்றின் செலவுக்கு ஆண்டுக்கு 24 லட்சம் ரூபாய்க்கு மேல் நிஜாம் கொடுக்க வேண்டும். ரொக்கம் கட்டுப்படியாகாமல் 1800இல் நிலமாகவே கொடுத்தார். பெல்லாரி, அனந்தபூர், கடப்பைப் பக்கம் அப்படித்தான் சென்னை ராஜதானிக்குப் போனது. தாமஸ் மன்றோ கலெக்டராக வந்து வரி போட்டார். ஹுசேன் சாகருக்கு வடக்கே பட்டாளம் கூடாரம் அடித்த இடம் 1806இல் மூன்றாம் ஆசஃப் ஜா சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்திராபாத் ஆனது.

ஷ்ராப்ஷயர் பிரபு கோட்டை கட்டித் தன் எல்லையைக் காத்துக்கொண்டார். இங்கே அரசர் தன் காசில் இன்னொருவருடைய படையைத் தன் தலைநகரின் வாசலில் குடிவைத்துக்கொண்டார். படை யாரிடமிருந்து அவரைக் காத்தது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

செகந்திராபாத் பட்டாளம் ஒன்று. போலாரம் பட்டாளம் வேறு. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். முன்னது கம்பெனியின் சென்னைப் படை. பின்னது நிஜாமின் பெயரில் இருந்த படை, ஆனால் ஆபீசர்கள் ஆங்கிலேயர்கள். 1811 முதல் 1820 வரை ஹைதராபாத்தில் கம்பெனியின் பிரதிநிதியாக, அதாவது ரெசிடென்டாக இருந்த ஹென்றி ரஸ்ஸல் உருவாக்கியதால் ரஸ்ஸல் பிரிகேட் என்று தொடங்கி, பின்னாளில் ஹைதராபாத் கண்டின்ஜென்ட் ஆனது. அதன் தலைமையிடம் போலாரம். இந்தப் படைக்கும் சம்பளம் நிஜாம் கஜானாவிலிருந்து. கஜானா காலியானபோது பாமர் கம்பெனி என்ற தனியார் வங்கி கொடுத்தது, வட்டிக்கு. வட்டி ஏறி, முதல் ஏறி, கடைசியில் 1853இல் பேரார் மாகாணமே கம்பெனியின் நிர்வாகத்துக்குப் போனது. பருத்தி விளையும் கரிசல் மண். போலாரத்தில் பங்களாக்களும் அணிவகுப்புத் திடலும் ரிசாலா பஜாரும் நிற்பது அந்தக் கணக்கில்தான்.

அந்தப் படை பிறகு என்ன ஆனது என்றும் சொல்லிவிடுகிறேன். 1903 வாக்கில் இந்திய ராணுவத்தோடு கலந்தது. குதிரைப் படையிலிருந்து வந்ததுதான் டெக்கான் ஹார்ஸ். 1916 ஜூலையில் பிரான்ஸில் சோம் போர்க்களத்தில், இயந்திரத் துப்பாக்கிக் காலத்தில், ஈட்டி ஏந்திப் பாய்ந்தவர்கள் அவர்கள். காலாட்படை 19ஆம் ஹைதராபாத் ரெஜிமென்ட் ஆகி, 1945இல் குமாவுன் ரெஜிமென்ட் என்று பெயர் மாறியது. ராணிகேத் மலையில் இன்று அணிவகுக்கிற ரெஜிமென்டின் பூர்வீகம் நம் பக்கத்துத் தூசியில் இருக்கிறது.

1855 செப்டம்பர். முஹர்ரம் நாட்கள். கண்டின்ஜென்டின் பிரிகேடியர் காலின் மெக்கன்சி. சென்னைக்காரர்களுக்குத் தெரிந்த, சுவடிகள் திரட்டிய மெக்கன்சி இவர் இல்லை. அவர் 1821இலேயே போய்விட்டார். இவர் காபூலில் பிணைக்கைதியாக இருந்து உயிர் தப்பியவர், மிகுந்த மதப்பற்றுள்ளவர். ஞாயிற்றுக்கிழமை கொட்டு முழக்கோடு ஊர்வலம் கூடாது என்று உத்தரவு போட்டார். முஹர்ரத்தின் முக்கிய நாளே அதில் மாட்டியது. சிப்பாய்கள் மத்தியில் முணுமுணுப்பு எழுந்ததும் உத்தரவைத் தளர்த்தினார். ஆனால் மூன்றாம் குதிரைப் படையின் ஊர்வலம் அவர் பங்களா வழியாகவே கொட்டிக்கொண்டு வந்தபோது, தாமே வெளியே வந்து நிறுத்தப் பார்த்தார். சற்று நேரத்தில் அவர் உடம்பெல்லாம் வாள்வெட்டு. பிழைத்துக்கொண்டார் என்பதே ஆச்சரியம். கல்கத்தா மேலிடம் சிப்பாய்களைத் தண்டித்தது. விவேகமில்லாமல் நடந்துகொண்டதாக மெக்கன்சியையும் குறை சொன்னது. 1857 மீரட் கலகத்துக்கு இரண்டு வருடம் முன்னால் போலாரத்தில் ஒரு சின்ன ஒத்திகை. நம் ஊர் வரலாற்றில் இதற்குப் பலகை ஒன்றும் கிடையாது.

1857 ஜூலை 17ஆம் தேதி ஹைதராபாத் ஊருக்குள், கோட்டியில் உள்ள ரெசிடென்சியைத் துர்ரேபாஸ் கானும் மௌல்வி அலாவுதீனும் ரோஹில்லாக்களைத் திரட்டிக்கொண்டு தாக்கினார்கள். பீரங்கி பதில் சொல்ல, விடிவதற்குள் முடிந்துவிட்டது. துர்ரேபாஸ் கான் பின்னர் கொல்லப்பட்டுச் சடலம் தொங்கவிடப்பட்டது. மௌல்வி அந்தமானுக்குப் போனார், திரும்பவில்லை. அடக்கிய பிறகுதான் பயம் அதிகமானது. திறந்த மைதானத்தில் பங்களா பங்களாவாகச் சிதறிக் கிடந்த வெள்ளைக்காரர்களுக்கு, ஆபத்தென்றால் ஓடி ஒளிய ஓர் இடம் வேண்டும் என்று தோன்றியது. அதன் விளைவுதான் திருமலகிரியின் கோட்டை. கல் பாவிய ஆழமான அகழி, உட்புறம் அரண், அங்கங்கே பீரங்கி மேடை. உள்ளே பாரக்குகள். 1858இல் எழுந்த ராணுவச் சிறைக்கு மூலைக் கோபுரங்களும் மதில் பற்களும் வைத்துக் கட்டினார்கள். பார்த்தவர்கள் விண்ட்சர் காசில் என்று கூப்பிட, அந்தப் பெயரே நிலைத்தது.

விண்ட்சரை வில்லியம் அரசர் கட்டத் தொடங்கியது ஷ்ராப்ஷயர் கோட்டைகள் எழுந்த அதே காலத்தில், லண்டனைக் கண்காணிக்க. அதன் பெயரை எண்ணூறு வருடம் கழித்துத் தக்காணத்தில் ஒரு ஜெயிலுக்கு வைத்தவன் கிண்டல்காரன்தான். அடைபட்டவர்களும் பெரும்பாலும் குடித்துவிட்டுக் கலாட்டா செய்த, மேலதிகாரியை எதிர்த்த வெள்ளைச் சிப்பாய்கள். ஸ்டோக்சே லாரன்ஸை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஜெயிலுக்கு வேண்டியது பூட்டும் கம்பியும். மதில் பல் எதற்கு? வெளியே சந்தைக்குப் போகிறவன் நிமிர்ந்து பார்ப்பதற்கு.

திருமலகிரி அகழியைத் தாண்டி எந்த எதிரியும் வரவில்லை. மேற்கே கோல்கொண்டாவைப் பாருங்கள்: 1687இல் ஔரங்கசீப் எட்டு மாதம் வெளியே காத்துக் கிடந்து, கடைசியில் உள்ளாள் ஒருவன் கதவைத் திறந்துவிட்டதால்தான் நுழைய முடிந்தது. அது கோட்டை. திருமலகிரிக் கோட்டைக்குள் ஆட்களைக் கொன்றது காலராவும் டைஃபாய்டும் மலேரியாவும். அகழியால் அவற்றைத் தடுக்க முடியவில்லை. 1897 ஆகஸ்ட் 20ஆம் தேதி, இதே கன்டோன்மென்டின் பேகம்பேட்டைப் பக்கத்தில், ரொனால்டு ராஸ் என்ற ராணுவ டாக்டர் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். இங்கு தங்கியிருந்த பட்டாளங்களுக்கு இந்த மண்ணில் கிடைத்த உருப்படியான வெற்றி அதுதான் என்பேன்.

போலாரத்துக்கு வருவோம். ஹோலி டிரினிட்டி சர்ச் 1847இல் எழுந்தது. விக்டோரியா ராணி சொந்தப் பணம் கொடுத்தார், நிலம் நிஜாமுடையது. வண்ணக் கண்ணாடி ஜன்னலும் மரப் பெஞ்சுமாக, ஷ்ராப்ஷயர் கிராமத்தில் கொண்டுபோய் வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அங்கே இதைவிட அறுநூறு வருடம் பழையது தெருவுக்கு ஒன்று. 1983 நவம்பர் 20ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, எலிசபெத் ராணியும் கணவரும் தங்கள் 36ஆம் திருமண நாள் ஆராதனைக்கு இங்கே வந்தார்கள். ராணியுடைய கொள்ளுத்தாத்தாவின் தாயார் கொடுத்த காசில் எழுந்த கோயில் என்று சொல்லித்தான் அழைத்திருப்பார்கள்.

அடுத்தது ராஷ்டிரபதி நிலையம். ரெசிடென்டின் ஊர்ப்புற மாளிகையாக இருந்து, சுதந்திரத்துக்குப் பின் குடியரசுத் தலைவரின் தெற்கத்திய இல்லமானது. அதிகாரபூர்வக் குறிப்பில் 1860இல் நிஜாம் நாசிருத் தௌலா கட்டியது என்று இருக்கும். நாசிருத் தௌலா 1857லேயே காலமாகிவிட்டார். 1860இல் அரியணையில் இருந்தவர் அவர் மகன் அஃப்சலுத் தௌலா. ஆண்டு தவறா, ஆள் தவறா, அல்லது அப்பா ஆரம்பித்து மகன் முடித்தாரா என்பதை யாராவது ஆய்வு மாணவர் எடுத்துக்கொண்டால் நல்லது. பலகையில் இருப்பதை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

90 ஏக்கர் வளாகம், ஒரே தளம், பதினோரு அறை. முன்பெல்லாம் தலைவர் குளிர்காலத்தில் வந்து போன பிறகு சில நாள் மட்டும் திறப்பார்கள். ஊரே வரிசையில் நிற்கும். 2023 யுகாதி முதல் ஆண்டு முழுதும் திறந்திருக்கிறது, திங்கட்கிழமை விடுமுறை. எல்லோரும் தர்பார் அறையைப் பார்க்கிறார்கள். நான் போகச் சொல்வது சுரங்க வழிக்கு. சமையற்கட்டு தனிக் கட்டடம். அங்கிருந்து சாப்பாட்டு அறைக்குப் பூமிக்கடியில் ஒரு பாதை. இப்போது சுவர்களில் சேரியால் பாணி ஓவியங்கள் தீட்டி அழகுபடுத்தியிருக்கிறார்கள். அழகை விலக்கிவிட்டுப் பார்த்தால், சூடான பாத்திரத்தோடு பட்லரும் மசால்ஜியும் போன வழி அது. வெயிலிலும் மழையிலும் உணவு கெடாமல் வரும் என்பது ஒரு காரணம். தோட்டத்தில் உலாவும் விருந்தாளியின் கண்ணில் வேலைக்காரன் படாமல் இருப்பதும் காரணமாக இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். கோட்டைகளில் இருப்பதுபோல் ரகசியச் சுரங்கம் ஒன்று நம் ஊரில் உண்டென்றால் இதுதான். இதில் ராஜா தப்பி ஓடவில்லை, சூப்பு போனது.

பட்லர் என்றதும் மூன்றாவது கேள்விக்கு வந்துவிட்டோம். சென்னைப் படை என்றால் தமிழர், தெலுங்கர், தக்காண முஸ்லிம்கள் எல்லோரும் கலந்தது. ஒரு சிப்பாய்க்குப் பின்னால் பலபேர் வருவார்கள். சமையல்காரர், ஆயா, சலவைக்காரர், டெய்லர், கொல்லர், புல்லுக்கட்டுக்காரர், டோலி தூக்குபவர். வடஆற்காடும் செங்கல்பட்டும் சென்னையும் விட்டு, மாட்டு வண்டியில் பட்டாளத்தைத் தொடர்ந்து வந்தவர்களின் பேரன் பேத்திகள் இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். செகந்திராபாத்தின் பெரிய போனாலுத் திருவிழாவைத் தொடங்கிவைத்தவராகச் சொல்லப்படும் சுரிட்டி அப்பையா டோலி தூக்கியவர்தான். 1813இல் பட்டாளத்தோடு உஜ்ஜயினிக்குப் போனவர், ஊரில் காலரா என்று கேட்டு, மகாகாளிக்கு வேண்டிக்கொண்டு, திரும்பி வந்து சிலை வைத்தார் என்பது கோயில் மரபு. பிரிகேடியர்களின் பெயரில் இருந்த சாலைகளை ஊர் மறந்துவிட்டது. டோலிக்காரர் பெயரை வருஷா வருஷம் ஆஷாடத்தில் பேப்பரில் போடுகிறார்கள்.

மேல் தட்டில் கான்ட்ராக்டர்கள். பட்டாளத்துக்குத் தானியமும் விறகும் கட்டடச் சாமானும் கொடுத்த முதலியார் குடும்பங்கள் செகந்திராபாத்தில் செல்வாக்கோடு இருந்தன. பத்மாராவ் நகர் இன்றும் ஒரு முதலியாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சோமசுந்தர முதலியார் 1862இல் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். அதுதான் மஹ்பூப் காலேஜ். சிகாகோ போவதற்கு முன், 1893 பிப்ரவரி 13ஆம் தேதி, விவேகானந்தர் தமது மேற்கத்தியப் பயணத்தின் நோக்கத்தைப் பற்றிப் பேசியது அங்கேதான். திருமலகிரியில் ஜெயில் எழுந்து நாலைந்து வருடத்துக்குள் பட்டாளத்துக் கான்ட்ராக்ட் காசில் எழுந்த பள்ளி அது என்று சேர்த்துப் பார்த்தால், அந்தக் காலத்துப் பணம் எந்தெந்த வழியில் போனது என்று தெரியும். கிளைவ் குடும்பம் வாங்கிய லட்லோவையும் முதலியார் தொடங்கிய பள்ளியையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். இரண்டும் பட்டாளம் கொடுத்த பணம். ஒன்றில் டிக்கெட் வாங்கிக்கொண்டு சுவரைப் பார்க்கிறோம், மற்றதில் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

ஷ்ராப்ஷயர்காரர்கள் இங்கே வந்தார்கள் என்று சொன்னேன். 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டபோது கிங்ஸ் ஷ்ராப்ஷயர் லைட் இன்ஃபன்ட்ரியின் இரண்டாம் பட்டாலியன் செகந்திராபாத்தில் இருந்தது. உடனே அழைப்பு. நவம்பரில் இங்கிலாந்தில் இறங்கி, டிசம்பரில் பிரான்ஸ் சேற்றில் நின்றார்கள். தக்காண வெயிலில் பழகிய உடம்பு, பதுங்குகுழியில் முழங்காலளவு பனித் தண்ணீர். அந்த ரெஜிமென்டின் அருங்காட்சியகம் ஷ்ரூஸ்பரிக் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. செகந்திராபாத் என்ற ஊர்ப் பெயரை அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் தேடிப் பார்ப்பது, போகிறவர்களுக்கு உருப்படியான வேலையாக இருக்கும்.

இங்கே சுற்றிப் பார்க்க நினைப்பவர்கள் போலாரம் ஸ்டேஷனில் தொடங்கலாம். சர்ச்சும் ராஷ்டிரபதி நிலையமும் ஒரு காலைக்குப் போதும். ரிசாலா பஜார், அல்வால், லோதுகுண்டா வழியாக லால் பஜார் வரை வந்தால் திருமலகிரி. கோட்டையின் பெரும்பகுதி ராணுவ வளாகத்துக்குள் இருக்கிறது; நினைத்த நேரம் நுழைய முடியாது. பாதுகாப்புக் காரணம் புரிகிறது. ஆனாலும் வருடத்தில் இரண்டு நாள், ஆள் கணக்கு வைத்து, அடையாள அட்டை பார்த்துத் திறந்துவிட்டால் குடி முழுகிவிடாது. குடியரசுத் தலைவரின் வீட்டையே திறந்தாயிற்று, ஒரு பழைய ஜெயிலைத் திறப்பதில் என்ன கஷ்டம்?

லட்லோ மனை ஏற்பாட்டை நினைவில் வைக்கச் சொன்னேன். கன்டோன்மென்டில் ‘ஓல்டு கிராண்ட்’ பங்களா என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும். கட்டடம் வைத்திருப்பவருடையது, நிலம் சர்க்காருடையது. நோட்டீஸ் கொடுத்துக் கட்டடத்துக்கு மட்டும் ஈடு தந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பட்டாளத்து ஆபீசருக்கு வீடு கிடைக்க வேண்டும் என்று ஏற்பட்ட முறை, பட்டாளம் மாறி, சர்க்கார் மாறி, இன்னும் உயிரோடு இருக்கிறது. கன்டோன்மென்டின் குடியிருப்புப் பகுதிகளை மாநகராட்சியோடு சேர்க்கும் பேச்சு சில வருடங்களாக நடந்துகொண்டிருக்கிறது. அது முடிவாகும்போது பழைய தஸ்தாவேஜுகள் பரணிலிருந்து இறங்கும். வேலை முடிந்ததும் பழைய பேப்பர்காரரிடம் போகும். லட்லோவில் மனை வாடகைச் சுவடிகளை வைத்துத்தான் எந்த வீட்டில் எந்தக் காலத்தில் செருப்புத் தைப்பவர் இருந்தார், எந்த வீட்டில் ரொட்டிக்காரர் இருந்தார் என்று தெருத்தெருவாக எழுத முடிகிறது. நம்மிடம் வீட்டுப் பத்திரம், கான்ட்ராக்ட் ரசீது, தாத்தாவின் டிஸ்சார்ஜ் சர்ட்டிஃபிகேட், பாட்டிக்கு மேம்சாகிப் எழுதிக் கொடுத்த சிபாரிசுக் கடிதம் எல்லாம் தகரப் பெட்டிகளில் கிடக்கின்றன. மூலத்தை யாரும் கொடுக்க வேண்டாம். நகல் எடுத்து, எந்த பஜார், எந்த லைன்ஸ் என்று மேலே பென்சிலில் எழுதி, நம் சங்கத்து அலுவலகத்தில் சேர்த்தால் பட்டியல் போடும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்குப் பிறகு அங்கேதான் இருப்பேன்.